பேப்பர் பூக்கள் ஒட்டிய சுவர்

காலையில் அவன் கண்விழித்தபோது பூக்கள் மறுபடியும் தரையில் கிடந்தன. மூன்று நாளாக இதே கதை. முப்பத்தெட்டு பேப்பர் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ், நடுவில் ஒரு பழைய சட்டைப் பொத்தான். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து ஒட்டியவை, ஒன்றுவிடாமல் குப்புற விழுந்திருந்தன.

அக்கா டீ டம்ளரோடு வந்து கதவருகே நின்றாள்.

"என்னடா, இன்னிக்கும் உதிர்ந்துடுச்சா? நல்லாத்தான் தோட்டம் போடுற."

"சுவரு ஈரம் இழுத்து வச்சிருக்குக்கா. வெள்ளைப் பசை நிக்க மாட்டேங்குது."

"பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் ஷூ ஒட்டிக் குடுக்குற. ஒரு பேப்பர் பூவ ஒட்டத் தெரியலன்னு வெளிய சொல்லிடாத, வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

அவன் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். கூடவே அவன் மகளும். மனைவி பிரிந்து போய் இரண்டு வருடமாகிறது. எட்டு வயது மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். அதுவும் பக்கத்து பெஞ்சில் அவளுடைய சித்தி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க. சனிக்கிழமை ராத்திரி மட்டுமாவது தன் வீட்டில் தங்க விடுங்கள் என்று அவன் கோர்ட்டில் மனு போட்டிருந்தான். வீட்டைப் பார்த்துவிட்டு அதிகாரி எழுதுவதுதான் முடிவு. அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மனைவி ஒரே காரணம் சொல்லியிருந்தாள்: குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து மூச்சிரைப்பு, தூசி பட்டால் ஆகாது.

தூசிக்கு அவன் வழி பண்ணிவிட்டான். பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டான். தரையை மூன்று முறை கழுவினான். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாகப் புழுதி வரும். அந்த இடுக்குகளை மட்டும் துணிப்பட்டை வைத்து அடைக்க வேண்டியிருந்தது.

பூக்கள் வேறு விஷயம். போன மாதம் பூங்காவில், "உனக்கு ரூம் எப்படி வேணும்?" என்று கேட்டதற்கு, "சுவர் பூரா பூ. மேல ஒரு நிலா" என்று மகள் சொல்லியிருந்தாள். கடையில் போய் வாங்கினால் அது கடையில் வாங்கின ரூம். அவன் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். அதில் வருகிற பெண் எதைச் செய்தாலும் "ரொம்ப ஈஸிங்க" என்பாள். பலூனை ஊதி, அதன்மேல் நாளிதழைக் கிழித்துக் கிழித்து ஒட்டி, காய்ந்ததும் பலூனைக் குத்தி உடைத்தால் நிலா. முதல் நிலா அமுங்கிப்போய்த் தேங்காய் மாதிரி இருந்தது. இரண்டாவது சரியாக வந்தது. கூரையில் நூல் கட்டித் தொங்கவிட்டான். முட்டை அட்டையை வெட்டி விளக்குக்கு மூடி. பத்திரிகைத் தாளைக் குச்சியாகச் சுருட்டிக் கண்ணாடிக்குச் சட்டம். எல்லாம் சொன்னபடி கேட்டன, சுவர் மட்டும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு டின் சொல்யூஷன் கொண்டுவந்தான். ஷூவின் அடிப்பாகத்தை மேல்தோலோடு ஒட்டுகிற அதே சரக்கு. கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தவர், அவனைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வழக்கம்தான். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஷூ கம்பெனி ஆட்கள். அவர் ஒருவர்தான் வெளி ஆள். யார் படியேறினாலும் துண்டு மூக்குக்குப் போய்விடும். 'பெரிய மகாராஜா, நம்ம காத்துகூட அவருக்குப் படக்கூடாது' என்று அக்கா அவருக்கு மகாராஜா என்றே பெயர் வைத்திருந்தாள்.

சொல்யூஷன் ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவ வேண்டும். பத்து நிமிடம் காயவிட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகு ஒரே அழுத்து. அப்புறம் பிரிக்க முடியாது. பூவுக்குப் பின்னால் தடவினான், சுவரில் தடவினான், காத்திருந்தான், அழுத்தினான். முப்பத்தெட்டும் நின்றன. கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் இடுக்குத் துணிப்பட்டைகளையும் அதிலேயே ஒட்டினான். அலமாரி ஓரத்துக்கு ரிப்பன். கட்டில் காலுக்குச் சணல் கயிறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டின் காலி.

"அடேயப்பா!" அக்கா அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். அவளும் அதே கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். "பேசாம இத எனக்குக் குடுத்துடு. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு நிலாவப் பாக்குறேன்."

"ஏதாவது குறை தெரியுதா, சொல்லுக்கா."

அவள் நிஜமாகவே மூலை மூலையாகப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லடா. தூசி, துரும்பு, ஒண்ணுமில்ல."

சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு வந்தார்கள். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் கோப்பு. அறை வாசலில் நின்றவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். இவங்களும் ஒரு மகாராஜாதான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மகள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அப்பா! நிலா! நீயே செஞ்சியா?"

"பின்ன? உங்கப்பன் யாருன்னு நெனச்ச?"

"இந்தப் பூவெல்லாம்?"

"அதுவும் அப்பாதான். பிச்சுப் பாரு, வராது."

அவள் பிய்த்துப் பார்த்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டே கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

"ஜன்னலக் கொஞ்சம் தெறந்து விடுங்களேன்" என்றார் அதிகாரி.

"தூசி வரும் மேடம். பாப்பாவுக்கு ஆகாது. அதுக்குத்தான் இடுக்கெல்லாம் அடைச்சு ஒட்டியிருக்கேன்." இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். பதிலைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கட்டில் சத்தம் நின்றது. மகள் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம்.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஜன்னலுக்குப் பாய்ந்தான். தள்ளினான். ஜன்னல் கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினான். துணிப்பட்டைகள் சட்டத்தை விடவில்லை. அவன் ஒட்டினது, எப்படி விடும்? அதிகாரிதான் குழந்தையின் பையைக் கொட்டி இன்ஹேலரை எடுத்தார். "வெளிய தூக்குங்க! மொதல்ல வெளிய தூக்குங்க!" என்று கத்தினார்.

அவன் தூக்கிக்கொண்டு படியில் ஓடினான். இரண்டு முறை மருந்து அடித்து, கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார வைத்த பிறகு அவள் தோள் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது.

"அந்த ரூம்ல என்ன அடிச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"எதுவும் அடிக்கல மேடம். பெயின்ட்கூட அடிக்கல."

"எனக்கே தலை சுத்துது. கண்ணு எரியுது. என்ன பசை அது?"

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி மேலே ஏறிப்போய்ச் சுவரில் மூக்கை வைத்தான். ஆழமாக இழுத்தான். காகிதத்தின் சொரசொரப்பு மூக்கு நுனியில் பட்டது, வேறெதுவும் இல்லை. பின்னாலேயே வந்து நின்ற அக்காவைப் பார்த்தான். அவளும் ஒரு பூவிடம் குனிந்து மோந்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலையேடா" என்றாள். அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை.

கீழே மகள் அதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது அப்பா வாசனை ஆன்ட்டி. அப்பா மேல எப்பவும் வரும். பார்க்ல காத்து அடிக்கும், ஒண்ணும் பண்ணாது."

அவன் பாதிப் படியில் நின்றுவிட்டான்.

அதிகாரி கோப்பைத் திறக்கவில்லை. "ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வரேன். அப்பவும் இப்படி இருந்தா நான் எழுதித்தான் ஆகணும். குழந்தைக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க, தெரியுது. ஆனா என்னால அத எழுத முடியாது. மூச்சு விட முடியுதா, இல்லையா, அதத்தான் எழுதுவேன்."

மகள் போகும்போது கையாட்டினாள். அவன் பக்கத்தில் போகவில்லை. நாலு படி மேலேயே நின்று கையாட்டினான்.

அன்றைக்கே சுரண்ட ஆரம்பித்தான். கம்பெனியில் ரப்பர் சீவுகிற கத்திதான். ஒவ்வொரு பூவும் தன்னோடு ஒரு வாய் காரையைக் கடித்துக்கொண்டு வந்தது. சுவரில் முப்பத்தெட்டு குழி. ஜன்னல் பட்டையை அறுத்தெடுத்தான், ரிப்பனைக் கிழித்தான், கயிற்றை வெட்டினான். நிலாவை மட்டும் விட்டுவைத்தான். அதில் சொல்யூஷன் கிடையாது, வெறும் வெள்ளைப் பசை. ஜன்னல் திறந்தே கிடந்தது. புழுதி வந்தது, அக்கா தினம் இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தாள். பூவைப் பற்றி ஒரு கிண்டலும் செய்யவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. வாசனை போய்விட்டதா? அது அவனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்தில் நாற்பது மூக்கு இருந்தும் பிரயோஜனமில்லை.

கீழே இறங்கிப் பூட்டுக்காரர் முன்னால் போய் நின்றான். துண்டு மூக்குக்குப் போயிற்று.

"அண்ணே, ஒரு உதவி. மேல வந்து கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லணும்."

"எத? வீட்டையா, உன்னையா?"

அவன் யோசித்தான். "ரெண்டையும்."

பூட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். அரத்தை வைத்துவிட்டு எழுந்தார். மேலே வந்து அறை நடுவில் நின்று துண்டை எடுத்தார். சுவர்ப் பக்கம் போனார், கட்டில் பக்கம் குனிந்தார், எட்டி நிலாவை மோந்தார். கடைசியில் அவனிடம் வந்தார். இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார்.

"சுவத்துல இல்ல. கட்டில்லயும் இல்ல. அந்த உருண்டையில லேசா ஏறியிருக்கு."

"அப்புறம்?"

"உம்மேல அப்படியேதான் இருக்கு. சோப்புல போற சமாச்சாரம் இல்லப்பா அது. வேலைய மாத்திக்க முடியுமான்னு பாரு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, நிலாவின் நூலை அறுத்தான். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கில் பொத்தி மூச்சை இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான்.

ஒன்றுமே தெரியவில்லை.