கிரேக்கக் கிடை

பொட்டப்பிள்ளை ஆட்டுக் கிடையில் பங்கு கேட்கக் கூடாது என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து யோகலட்சுமிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் பங்கு கேட்டாள். அவள் அப்பா பெருமாள்சாமியின் கொடியாடுகள் அதற்கு முன்பே தாமாக இரண்டாகப் பிரிந்து, நாகலாபுரம் ஊருணியின் இரண்டு கரைகளில் தனித்தனியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால், பிரிக்கும் வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

எல்லாம் அவள் படிப்பு செய்த வேலை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், பேசாமல் டீச்சருக்குப் படித்துத் தொலைத்திருக்கலாம். எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் ஆட்டை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினாள். கிரேக்கமும் சமஸ்கிருதமும் இன்னும் பல மொழிகளும் ஒரு தாய்மொழியின் பிள்ளைகள். பிள்ளைகளின் சொற்களை ஒப்பிட்டு, செத்துப்போன தாயின் சொல்லை ஊகிக்க வேண்டும். ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். யாரும் காதால் கேட்டதில்லை என்று பொருள். வீட்டில் ஆடு குட்டி போட்டால் எட்டிப் பார்க்காதவள், வருடக்கணக்காக இதைச் செய்தாள். கிரேக்க, ஆர்மீனியச் சொற்கள் 'அய்க்' என்ற வேரில் போய் முட்டின. சமஸ்கிருத, லிதுவேனியச் சொற்கள் 'அக்' என்பதில். இரண்டும் ஒரே வேர்தானா என்று உலகத்தில் எவருக்கும் நிச்சயமில்லை.

வாய்மொழித் தேர்வுக்குப் பழகக் கரிசல் காட்டில் நின்று, தொண்டையைக் காறி, 'அய்க்' என்றாள். பாதி ஆடுகள் மேய்ச்சலை விட்டு வந்து அவளைச் சுற்றி நின்றன. 'அக்' என்றாள். மிச்சப் பாதி வந்து எதிரே நின்றது. அதற்குப் பிறகு அவை சேரவே இல்லை. ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தது. அப்புறம், தங்கள் நிலத்தில் ராத்திரி ஆட்டை அடைத்து உரத்துக்குக் கிடை போடச் சொல்லி வந்த சம்சாரிகள், "கிரேக்கக் கிடையா, சமஸ்கிருதக் கிடையா அண்ணாச்சி? பருத்திக்கு எது தேவல?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். 'அக்' சொல்ல அண்ணன் மாரிராஜ் பழகிக்கொண்டான். 'அய்க்' சொல்லப் போய் இருமலில் விழுந்தான். அந்தப் பாதி அவளுக்கு மட்டுமே கட்டுப்பட்டது.

அவளுடைய ஆய்வு நெறியாளர் பாண்டியராஜன் நேரிலேயே வந்துவிட்டார். ஒரே வேர் என்று முடித்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்பது அவர் கட்சி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேரைக் கட்டி, ஊருணிக் கரையில் நின்று உரக்கச் சொன்னார். ஒரு கிடா புழுக்கை போட்டது.

"ஆடு எப்படிம்மா ஆதாரமாகும்? அடிக்குறிப்புல என்ன போடுவ?"

"தகவல் தந்தவர்: கிடா, நாகலாபுரம்னு போடுதேன் சார்."

பெருமாள்சாமி கெஞ்சினார். "ஏட்டி, சார் சொல்லுத மாதிரி ஒண்ணுன்னே எழுதிரு. பட்டமும் வாங்கிருவ, ஆடும் ஒண்ணா சேந்திரும். பங்கு அது இதுன்னு மானத்த வாங்காத."

"ரெண்டா நிக்குதத எப்படிப்பா ஒண்ணுன்னு எழுத?"

"அப்போ இம்புட்டும் படிச்சு ஆடு மேய்க்கத்தான் போறியாக்கும்?" என்றான் மாரிராஜ்.

"ஆமாண்ணே. நீ படிக்காம மேய்க்குத, நான் படிச்சிட்டு மேய்க்குதேன்."

குளத்தூர்ச் சம்சாரி ஒருவரிடம் அன்று காலையிலேயே அவள் கிடை பேசி முடித்திருந்தாள். செருப்பை மாட்டினாள், தொண்டையைக் காறினாள், கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாதி ஆடுகள் பின்னால் போயின. குட்டி ஒன்று மட்டும், எதிர்க்கரையில் நின்ற தாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓடிப் போய் அவள் ஆடுகளோடு சேர்ந்துகொண்டது.