செட் என்ற சொல்லுக்கு ஒரு பொய்ச் சீட்டு

1
இந்தக் கதையை எழுத வைத்தது பயம்தான். உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. டர்ஹமில் ஓர் அகராதி அலுவலகத்தில் பதினோரு வருஷம் மெய்ப்புத் திருத்தினேன். அடுத்த மேசை வினிஃப்ரெட் ஆட்ஃபீல்டுடையது. ஒரு சோதனை நாளில் அவள் கை நடுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். ஏன் நடுங்கியது என்பது என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செட் என்பது பார்க்கச் சின்ன ஆங்கிலச் சொல்தான், ஆனால் அதன்..." வேண்டாம், பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

2
மூன்று வருஷமாக அந்தச் சொல்லுக்குப் பொருள் தொகுக்கும் வேலை வினிஃப்ரெட் தலையில் விழுந்திருந்தது. மேசையில் தட்டு வைப்பது, முறிந்த எலும்பைச் சேர்ப்பது, பொறி வைப்பது, ஜெல்லி உறைவது, சூரியன் மறைவது, எல்லாம் செட். (நம் ஊரில் தோசைக்கும் உண்டு என்றேன். "சீட்டு இருக்கா?" என்றாள்.)

அங்கே சீட்டில்லாமல் எதுவும் செல்லாது. அச்சில் வந்த வாக்கியம், எதில் வந்தது, எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால்தான் ஒரு பொருள் அகராதிக்குள் நுழையும். காதால் கேட்டது கணக்கில் வராது.

விருந்தாளியோடு பாதி வழி நடந்து கொண்டுபோய் விடுவதற்கும் வினிஃப்ரெட்டின் அம்மா அந்தச் சொல்லையே சொல்வாள். சுரங்கக்காரர் வீட்டுப் பேச்சு. அம்மா இறந்து மூன்று மாதம். இந்தப் பொருளுக்கு மட்டும் சீட்டு அகப்படவில்லை. பக்கம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது வினிஃப்ரெட் தானே அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதினாள்: 'மழையிலும் அவனைப் பாலம் வரை கொண்டுபோய் விட்டாள்.' 1911இல் ஒரு மாதாகோயில் மாத மலரில் வந்தது என்று சீட்டில் குறித்துப் பெட்டியில் போட்டாள். அப்படி ஒரு மலரே கிடையாது.

3
(இத்தனை ஒழுங்கானவள் இதைச் செய்வாளா? "அம்மாவின் நினைவில் கண்கள் கலங்க..." என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டாள். பயம் மறுநாள்தான் வந்தது.)

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் பிளென்கின்சாப்புக்கு ஒரு வழக்கம். பக்கம் போகுமுன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து பத்துச் சீட்டு எடுத்து நூலகத்தில் விசாரிப்பார். இருந்தவை ஆயிரத்துக்கு மேல். தப்பிவிடலாம் என்றிருந்தாள். ஒன்பதாவதாக அது வந்தது.

"இந்த மலர் எந்தக் கோயிலோடதும்மா?"

அவள் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"நான் பொறந்ததே அங்கதான். எங்கப்பா அந்தக் கோயில்ல மணி அடிச்சவரு. மலர்னு ஒண்ணு வந்ததாத் தெரியலையே."

"கொஞ்ச நாள்தான் வந்துச்சு, சார்."

ஒரு பொய் இரண்டாகிவிட்டது. கை நடுங்கத் தொடங்கியது. பிடிபட்டால் வேலை போகும். பத்தொன்பது வருஷமாக அவள் எழுதிய சீட்டுகள் அத்தனையையும் சந்தேகப்பட்டுப் பிடுங்கி எறிவார்கள்.

"சரி, கேட்டுடுவோம்" என்று அவர் நூலகத்துக்குப் போன் சுழற்றினார்.

4
முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: அப்படி ஒரு மலர் நிஜமாகவே இருந்துவிடுகிறது. வெட்கப்பட்டுக் கிழித்தேன்.

முடிவு மூன்று: அடுத்த மேசையிலிருந்து நான் எழுந்து

(நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் அந்த வேலை தேவைப்பட்டது.)

நூலகத்தில் மணி அடிக்கிறது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன், ஆளை எழுதவில்லை. நீங்கள் உட்காருங்கள். போனை எடுங்கள். மலர் இருக்கிறதா என்று பிளென்கின்சாப் கேட்பார். அலமாரியைப் பார்க்க வேண்டாம், இல்லையென்று உங்களுக்குத் தெரியும். அவர் பென்சிலோடு காத்திருக்கிறார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லுங்கள்.