மஞ்சளைக் குறைத்துப் பாருங்கள்

1

அத்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. "ஒரு கதை போய்க்கிட்டிருக்கு, முடிச்சிட்டு வரேன்" என்றால் வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி இதுதான்: "அது லைட்டா, அவளா?"

அவள் என்றால் என் அக்கா, அவருடைய மனைவி. போன மாதம் இறந்துவிட்டாள். கேள்வி இப்போது புரியாது, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு மட்டும் புரிந்து என்ன ஆயிற்று?

2

முதல் வரிக்காக நிறைய மெனக்கெட்டேன்.

"லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவருக்கு நடுவயதில் கேமரா பைத்தியம் பிடித்தது." [நல்ல வரிதான். ஆனால் படித்ததும் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். பிறகு உங்களைத் திருப்பிக் கொண்டுவர என்னால் ஆகாது.]

"ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தபோது வெளிச்சம் அவள் கன்னத்தை" [கன்னத்தை என்ன? வருடியதா, முத்தமிட்டதா? வெளிச்சம் என்று எழுதினாலே இந்தச் சனியன் பின்னாடியே வந்துவிடுகிறது. இப்படியே கிடக்கட்டும்.]

"அக்கா செத்துப்போனதற்கு யாரும் காரணமில்லை." [இது பொய்யா உண்மையா என்று தெரியாததால்தான் கதையே எழுதுகிறேன்.]

ஆகவே தொடக்கம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3

அத்தான் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் டார்ச்சும் கையுமாக நிற்கிற வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வெளிச்சத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்று ஒரு வெறி. பழைய கேமரா ஒன்று வாங்கினார். போனில் ஒரு குழுவில் சேர்ந்தார். எல்லோரும் அவரைப் போல ஆசைக்குப் படம் எடுப்பவர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

அந்தக் குழுவின் விதிகளைச் சொல்லியே ஆக வேண்டும். படம் போட்டால் என்ன அப்பர்ச்சர், என்ன ஷட்டர் வேகம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கீழே எழுத வேண்டும். "சூப்பர்", "அருமை" எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பது யார், அவருக்கு என்ன என்று கேட்கவே கூடாது. வெளிச்சத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. வெட்டிக் கதையில் குழு நாறிவிடக் கூடாது என்று போட்ட விதி. பார்க்கப் போனால் நியாயமான விதிதான். நானே எத்தனையோ குடும்பக் குழுக்களில் இப்படி ஒரு விதி வராதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அத்தான் படம் எடுக்க வீட்டில் இருந்த ஒரே முகம் அக்கா. அவளுக்கு அதில் எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு. "உங்க அத்தானுக்கு நான் பொண்டாட்டி இல்லடி, ஓசி மாடல்" என்று போனில் என்னிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் படம் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தால் தலை வாரிக்கொண்டுதான் உட்காருவாள்.

4

இப்போது அந்தப் படம்.

சமையலறை ஜன்னல் ஓரம் அக்கா உட்கார்ந்து, துவைத்துக் காய்ந்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். பகல். பின்னால் ஒரு பல்பும் எரிகிறது. அத்தான் எடுத்து முடித்து, கேமராவின் திரையை அவளிடம் காட்டியிருக்கிறார். அவள் பார்த்துவிட்டு, "என்னங்க, நான் இவ்ளோ மஞ்சளாவா இருக்கேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

இதை அத்தான்தான் என்னிடம் சொன்னார். இதற்கு மேல் போகுமுன் ஒரு குறிப்பு போட்டுக்கொள்கிறேன்.

* குறிப்பு: நம் கண் வெளிச்சத்துக்குப் பழகிவிடும். மஞ்சள் பல்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் வெள்ளைச் சட்டை நமக்கு வெள்ளையாகத்தான் தெரியும். தினமும் பார்க்கிற முகத்துக்கும் கண் அப்படியே பழகிவிடும். கேமரா பழகாது, உள்ளதைக் காட்டிவிடும். அது காட்டுகிற மஞ்சளை எடுத்து, வெள்ளையை வெள்ளையாக்குகிற திருத்தத்துக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். இவ்வளவும் அத்தானின் போனில் அந்தக் குழுவைப் படித்து நான் கற்றுக்கொண்டது.

அத்தான் படத்தைக் குழுவில் போட்டார். முகம் மஞ்சளாக வருகிறது, என்ன செய்ய என்று கேட்டார். பதில் உடனே வந்தது. பின்னால் பல்பு எரிகிறதே, அதுதான் காரணம், ஒயிட் பேலன்ஸில் மஞ்சளைக் குறைத்துப் பாருங்கள். அத்தான் குறைத்தார். முகம் பளிச்சென்று வந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"பாரு, லைட்டுதான்."

அக்கா சிரித்திருக்கிறாள். நிம்மதியாக இருந்தது அவளுக்கு. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று முகம் மேலும் மேலும் மஞ்சளாக வர, குழுவும் மேலும் மேலும் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. பல்பை அணைத்து எடுத்தபோதும் மஞ்சள் போகவில்லை. வெளிச்சம் எதிர்ச் சுவரின் பெயின்டில் பட்டுத் தெறிக்கும் என்றார்கள். சுவரைத் துணியால் மூடினார் அத்தான். கேமரா பழசு, சென்சார் போயிருக்கும் என்றார்கள். அதையும் நம்பினார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் ஒருமுறை, அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று எழுதியிருந்தாள். விதியை நினைவூட்டி அந்தச் செய்தியை நீக்கிவிட்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பு மட்டும் இன்னும் குழுவில் இருக்கிறது.

5

[இந்தப் பகுதியில் ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம்.]

மஞ்சளைக் குறைக்கச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. கட்டிய பல்லின் வெள்ளை, பக்கத்துப் பல்லின் வெள்ளையோடு சேர்கிறதா என்று நாளெல்லாம் பார்க்கிறவர். இப்படி ஒருவரைக் கதையில் வைத்தால், வேண்டுமென்றே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்பீர்கள். அதனால் அவரை வங்கிக்காரர் ஆக்கிப் பார்த்தேன். வக்கீல் ஆக்கிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவர் பல் டாக்டராகவே இருந்து தொலைக்கட்டும்.

அவரைக் கெட்டவராகவும் எழுதிப் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. படிக்கப் படிக்க மனுஷர் தங்கமாக இருக்கிறார். தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அத்தானுக்காக அதே போன்ற பல்பை வாங்கி மாட்டி, தன் மகளை உட்காரவைத்துச் சோதனைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மகள் முகத்திலும் மஞ்சள் இருந்தது. ஆகவே பல்புதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஒரு மனுஷர் இதற்கு மேல் என்ன அக்கறை எடுக்க முடியும், சொல்லுங்கள்.

அவரைத் திட்ட முடியாமல் போனதில் எனக்கு அவ்வளவு கோபம்.

6

கடைசியில் அரிப்பு தாங்காமல் அக்கா தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோலில் ஏதோ என்று நினைத்துப் போனவளை அப்படியே படுக்கவைத்துவிட்டார்கள். பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. மஞ்சள் தெரிந்த உடனே வந்திருந்தால் ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும், இப்போது பரவிவிட்டது என்றார் டாக்டர். மஞ்சள் எப்போது தெரிந்தது என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலைத்தான் என்னிடம் கேட்கிறார்.

கேமராவின் மெமரி கார்டை என் கையில் வைத்து அழுத்தினார். திருத்தாத படங்களும் அதில் அப்படியே இருக்கின்றன. "என்னால திறக்க முடியலம்மா. நீ பாத்துச் சொல்லு. அந்த முதல் படத்துல, அது லைட்டா, அவளா? நீ எது சொன்னாலும் நம்பிக்கிறேன்."

7

பார்த்துவிட்டேன்.

பார்க்கிற முறையையும் அந்தப் பல் டாக்டரிடமிருந்தே கற்றுக்கொண்டேன். வேறு யாருக்கோ எழுதியிருந்தார்: படத்தில் வெள்ளையான பொருள் ஒன்றைத் தேடுங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் குற்றம் வெளிச்சத்துடையது. அது வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தின் மேல் குற்றமில்லை.

திருத்தாத படத்தில் தலையணை உறை வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பல்பின் மஞ்சள் பின்சுவரைத் தாண்டி வரவில்லை. வெள்ளை உறையின் மேல் அக்காவின் கை மஞ்சளாக இருக்கிறது. முகமும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

குழுவில் இருந்த திருத்திய படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதில் அக்கா நன்றாக இருக்கிறாள், உறை நீலமாகிவிட்டது. அந்த வீட்டில் நீல உறை கிடையாது. மஞ்சளை முகத்திலிருந்து எடுக்கும்போது எல்லாவற்றிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். குழுவில் எல்லோரும் அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் குளுமையாக வந்திருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறார். முகம் சரியாகிவிட்டால் துணியை யார் பார்க்கிறார்கள்?

அக்கா கேட்டது சரியான கேள்வி. அவள் நோயை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். இரண்டாவதாக அந்தக் கேமரா.

8

முடிவுகள்.

அ. நான் கதவைத் திறந்து, "லைட்டுதான் அத்தான்" என்கிறேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அன்று முதல் கொஞ்சம் சாப்பிடுகிறார். நான் மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் [வாக்கியம் முடியவில்லை. இந்த முடிவில் நான்தான் அக்காவின் வாயை மறுபடியும் அடைக்கிறேன். அவள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை போ என்று நானும் சொல்லிவிடுகிறேன்.]

ஆ. "அவதான் அத்தான்" என்கிறேன். [அவர் வேலை செய்கிற லிஃப்ட் குழி எத்தனை மாடி ஆழம் என்று எனக்குத் தெரியும்.]

இ. கார்டு கெட்டுப்போய்விட்டது என்கிறேன். [கோழைக்கு ஏற்ற முடிவு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆனால் கெட்ட கார்டிலிருந்தும் படத்தை மீட்பது எப்படி என்று அந்தக் குழுவில் யாராவது அன்புடன் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.]

ஈ. அவருக்கே தெரியும் என்று எழுதலாம். படத்தில் வெள்ளையைத் தேடத் தெரியாதவரா அவர்? தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்கிறார், இன்னொரு வாயால் வரட்டும் என்று. [இப்படி எழுதினால் என் பாரம் குறைகிறது. அதனாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.]

9

கதவைத் தட்டுகிறார். கதை முடிந்துவிட்டது என்று எப்படித்தான் தெரிந்துகொள்கிறாரோ.

"பாத்துட்டியாம்மா?"

பார்த்துவிட்டேன் என்றேன். உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். திரையை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சவரம் செய்து வெகு நாளாகிவிட்ட முகம். நான் என்ன சொல்லப் போகிறேனோ, அதற்காக முன்கூட்டியே லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அது ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான்,"

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. இரண்டு படங்களையும் உங்களுக்குக் காட்டிவிட்டேன். என் அக்கா என்ன கேட்டாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.