ஐந்து எரியாத கடிகாரம்

1

இந்தக் கதை எங்கள் சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. சரியாகச் சொன்னால், மேஜை கிடைக்காததால் பிறந்தது. பதினொரு மாதம் அந்த மேஜையைச் சாலிடரிங் கோலும் கம்பிச் சுருளும் அனுபவித்தன. நானும் என் கணவர் பட்டாபியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு முட்டி வலி. நியாயமாக அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். முட்டி வலியில் ஆரம்பித்தால் யார் மதிப்பார்கள் என்று இப்படி எழுதிப் பார்த்தேன்:

"காலம் என்பது கண்ணாடிக்குள் எரியும் ஒரு"

ஒரு என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்தது:

"சால்ட் லேக்கில் அன்று அடை மழை"

மழையே பெய்யவில்லை. அதையும் விட்டேன். இரண்டையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன், நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும் என்று.

2

பட்டாபிக்கு மத்திய அரசு ஆபீசில் வேலை. மாற்றலாகிக் கொல்கத்தாவில் இந்த சால்ட் லேக்குக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பகலில் கோப்பு பார்ப்பார், மாலையில் கடிகாரம் செய்வார். சாந்தினி மார்க்கெட்டில் ஏதோ பழைய அளவுக் கருவியைப் பிரித்து நான்கு கண்ணாடிக் குழாய்கள் வாங்கி வந்திருந்தார். சோவியத் காலத்துச் சரக்கு. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை கம்பியில் வளைத்த எண்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரியும். இரண்டு குழாய் மணிக்கு, இரண்டு நிமிஷத்துக்கு.

"நூத்தி எழுபது வோல்ட் ரஞ்சு, கிட்ட வராதே" என்பார்.

"நான் எங்க வரது? எனக்குத்தான் அங்க இடமே இல்லையே."

கடைசியில் கெடு வைத்தேன். விஜயதசமி காலையில் கடிகாரம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் மேஜை எனக்கு, இனி வீட்டில் சாலிடரிங் கிடையாது. அவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

3

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் சாவித்திரிக்கு* ஆயுத பூஜை என்றால் ஒரே கொள்கைதான்: எதற்கும் குறை வைக்கக் கூடாது. கத்தரிக்கோல், அரிவாள்மனை, மிக்சி, ஆபீஸ் லேப்டாப் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. கடிகாரத்தின் மரச் சட்டத்துக்கு நான்கு பொட்டு. சட்டத்துக்கு வைத்துவிட்டு உள்ளே உழைக்கிறவர்களுக்கு வைக்காமல் விடலாமா? பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு குழாயின் அடியிலும், அதன் கால்கள் பலகையில் சேரும் இடத்தில், ஈரச் சந்தனம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. பட்டாபியும் தொடவில்லை. ஊராக இருந்தால் சந்தனம் அதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். கொல்கத்தாப் புழுக்கத்தில் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமத்துப் போகிறது, சந்தனம் எங்கே காயும்?

* இந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

4

(ஒரு சந்தேகம். இந்த மாமியார் சரியாக வரவில்லை. மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்தேன், கழற்றினேன். கையில் விசிறி கொடுத்தேன், பிடுங்கினேன். என்ன செய்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். மாமியார் பேசாத வீட்டை நீங்கள் நம்புவீர்களா?)

விஜயதசமி காலை. கீழ் வீட்டு ஷபானாதி, இந்த ஹவுசிங் முழுவதற்கும் அக்கா, சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வந்திருந்தார். ஒன்பது நாற்பத்தேழுக்கு பட்டாபி ஸ்விட்சைப் போட்டார்.

எரிந்தது! நான்கு குழாயிலும் ஆரஞ்சு எண்கள். பட்டாபி குதித்தார். ஐம்பத்து நான்கு வயது மனிதர், வேட்டியோடு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. மூன்று நிமிஷம் ஆனந்தம். ஐம்பது ஆக வேண்டிய நேரத்தில் 'பட்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. மூன்றாவது குழாய் இருண்டுவிட்டது.



இங்கே ஐந்து இருக்க வேண்டும். எரியவில்லை. இருட்டாக இருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

அந்த நட்சத்திரம் இதற்குத்தான்: மாமியார் வரவே இல்லை. அவர் கும்பகோணத்தில் இருக்கிறார். போனில் கூட, "அவன் மெஷின் கிட்ட மட்டும் போயிடாதேம்மா" என்றுதான் சொன்னார். ஈரத்தில் மின்சாரத்தை இழுத்துக்கொண்ட அந்தச் சந்தனத்தை வைத்தது நான். பட்டாபி டார்ச் எடுக்க உள்ளே ஓடியபோது புடவைத் தலைப்பால் அவசர அவசரமாகத் துடைத்ததும் நான். ஷபானாதி தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்காகச் செய்தாயா என்று கேட்பீர்கள். சத்தியமாகப் பக்தியில்தான் செய்தேன். ஆனால் 'பட்' என்றபோது என் முட்டிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

6

அந்தக் குழாயில் ஐந்து மட்டும்தான் போயிருந்தது. மணிக்கு ஐம்பது நிமிஷம் ஒழுங்காக ஓடும். கடைசிப் பத்து நிமிஷம் அந்த இடத்தில் இருட்டு.

"அதான் ஓடறதே!" என்றேன் நான், கெடு வைத்தவளே.

"இல்ல ரஞ்சு. என் சாலிடரிங்தான். கை சரியில்ல. சத்தியம்னா சத்தியம்." மேஜையைத் துடைத்துக் கொடுத்துவிட்டார். கடிகாரம் அதன் ஓரத்தில் மட்டும் நிற்கிறது.

அது சூடானால் லேசாகச் சந்தன வாசனை வரும். யாராவது மூக்கை உறிஞ்சினால், "பழைய ரஷ்யக் குழாய் அப்படித்தான்" என்பார் பட்டாபி பெருமையாக. எனக்கு உடனே அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

நான்கு மாதமாக அவர் கோலைத் தொடவில்லை. போன வாரம் மிக்சி ஸ்விட்ச் போனது. "ஆளைக் கூப்பிட்டுக்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்று கருவிப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். நாளை ஞாயிற்றுக்கிழமை. பழைய சாமான் வாங்கும் பிக்ரிவாலா வருவான்.

"போலே தாவ், ரஞ்சனா" என்றார் ஷபானாதி. சொல்லிவிடு என்று அர்த்தம். வாயால் சொல்ல வரவில்லை. கதையாக எழுதினால் வரும் என்று உட்கார்ந்தேன். முதல் வேலையாக மாமியார் தலையில் பழியைப் போட்டேன்.

7

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

(அ) அவர் சிரித்துவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்து வருகிறார். சினிமாத்தனம்.

(ஆ) கோபத்தில் மேஜை முழுவதையும் திரும்பக் கேட்கிறார். இது நியாயம்தான், ஆனால் என் முட்டி சம்மதிக்கவில்லை.

(இ) அவருக்கு முன்பே தெரியும். கும்பகோணத்தில் பிறந்தவருக்குச் சந்தன வாசனையா தெரியாது? இது எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியானால் நான்கு மாதமாக ரஷ்யா மேல் பழியைப் போட்டு யாரைக் காப்பாற்றுகிறார்?

எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. முந்தைய பக்கங்கள் மேஜையின் மறுமுனையில் அவர் கையில் இருக்கின்றன. இந்தக் கடைசிப் பக்கத்தை அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவரைவிட வேகம். அவர் இப்போதுதான் நான்கை முடித்துப் பக்கத்தைத் திருப்புகிறார். கடிகாரத்தில் ஏழு, பிறகு இருட்டு, பிறகு ஆறு.

படித்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். கடிகாரத்தின் பக்கம் குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுக்கிறார்.

"ரஞ்சு, வாசல்ல இருக்கற அந்தப் பெட்டிய"

எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது. அதற்குள் நீங்களே முடித்துவிடுங்கள். என் முட்டியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கைகளை அதைவிட அதிகமாக.