பச்சை எரிந்த நாட்கள்

பிப்ரவரி ஆறாம் தேதி காலை எட்டு மணிக்கு, மேம்பாலம் கட்டப்பட்டுவரும் சந்திப்பில் இருந்த காற்றுத்தரப் பலகை 71 என்று பச்சையில் காட்டியது. சற்று நேரத்தில், அதே சந்திப்பின் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தையல் கம்பெனியில் காஜா எடுப்பவள், ஆஸ்துமாக்காரி. கணவன் நகராட்சியின் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தூசி அடங்க, தினமும் விடியற்காலையில் அந்தச் சந்திப்பில் தண்ணீர் பீய்ச்சுவது அவன் வேலை.

"காத்து நல்லா இருக்கிற நாள்ல மட்டும் வெளிய போங்க, ஜன்னலைத் திறங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் லாரிக்காரன் வேலை முடிந்ததும் பலகையைப் பார்த்து போனில் சொல்வான்: "பச்சை." அவள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

ஆனால் பச்சை நாட்களில்தான் அவளுக்கு இரைத்தது. தலையணையைச் சந்தேகப்பட்டு மாற்றினார்கள். திரைச்சீலையைக் கழற்றினார்கள். கடைசியில் பழி, கூடவே இருந்த அவள் தம்பியின் பூனைமேல் விழுந்தது.

"என் பூனை என்ன பீடியா குடிக்குது?" என்றான் ஆட்டோ ஓட்டும் தம்பி.

பூனை மாடிக்குப் போனது. இரைப்பு போகவில்லை.

பிறகு லாரியின் பம்ப் பழுதானது. அந்த வாரம் முழுக்கப் பலகை சிவப்பு. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள், நன்றாகத் தூங்கினாள். "இன்னும் ஒரு லீவுன்னா வேற ஆள் போட்டுருவேன்" என்று கம்பெனி முதலாளி போன் செய்தார். பம்ப் சரியானது. பலகை பச்சையானது. அவள் வேலைக்குக் கிளம்பினாள். அன்றுதான் பிப்ரவரி ஆறு. தம்பி அவளை ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

லாரிக்காரன் யோசித்தான். லாரி ஓடினால் அவளுக்கு முடிவதில்லை, நின்றால் நன்றாக இருக்கிறாள். அப்படியென்றால் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது. அவள் வீடு திரும்பிய அன்று, நனைந்த சட்டையை வாசலிலேயே கழற்றி வைத்தான்.

"என்னங்க, சேத்துல விழுந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றான்.

"வேற ரூட் குடுங்க சார். என் தண்ணி என் வீட்டம்மாவுக்கு ஒத்துக்கல."

சூப்பர்வைசர் சிரித்ததில் டீ சிந்தியது. "யோவ், உன் தண்ணி யாரையும் ஒண்ணும் பண்ணாது. அங்க கம்பத்துல ஒரு பெட்டி இருக்குல்ல? அதுதான் பலகைக்காகக் காத்தை மோந்து பாக்குற மிஷின். அது மூக்குல தூசி ஏறாம பாத்துக்கறதுதான் உன் வேலை. அந்தக் கம்பத்தையே சுத்திச் சுத்தி எதுக்கு அடிக்கிறேன்னு நெனச்ச?"

"மரத்துக்குன்னு நெனச்சேன் சார்."

"அங்க மரம் எங்கய்யா இருக்கு?"

லாரிக்காரன் நினைத்துப் பார்த்தான். பாலத்துக்காக எப்போதோ வெட்டிவிட்டார்கள்.

"அப்போ பலகை பொய் சொல்லுதா சார்?"

"அது எதுக்குய்யா பொய் சொல்லப்போகுது? மூக்குக்கு வந்ததைச் சொல்லுது."

தண்ணீர் நல்ல தண்ணீர். பலகை பொய் சொல்லவில்லை. அவளுக்கு மூச்சு முட்டியதும் உண்மை. மூன்றையும் எப்படிச் சேர்ப்பது என்று வீடு வரும்வரை அவனுக்குப் பிடிபடவில்லை. வந்ததும் கேட்டதை அப்படியே சொன்னான்.

"அப்போ மாமா, என் பூனைகிட்ட யார் மன்னிப்பு கேக்கறது?" என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு என்ன செய்வீங்க?"

"நான் அடிக்கலன்னா வேற டிரைவர் அடிப்பான். தெரியல."

மறுநாள் விடியற்காலையில் அவன் வழக்கம்போலக் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சினான். பலகை 64 காட்டியது, பச்சை. லாரியை ஓரம் கட்டி வீட்டுக்குப் போன் செய்தான்.

"சிவப்பு" என்றான்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வரிசை வீடுகளில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்த வாரக் கடைசியில் காஜா மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.