கீழ்ப்பிடி

மூத்தவள் அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் பட்டையை இழுத்துக் கொக்கியை மாட்டப் போனபோது அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"இறுக்காதடி. வலிக்கும் அவருக்கு."

மூத்தவளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இறுக்கினாள். ஏழாம் மாடியிலிருந்து இறங்க வேண்டும், லிஃப்ட் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டு தளர்ந்தால் சாமான் படியில் சறுக்கும் என்று கற்றுக்கொடுத்தவரே இப்போது பலகைமேல் சாமானாகக் கிடந்தார்.

வீடு மாற்றிக்கொடுப்பதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். ஒரு பழைய வேன், பட்டைகள், பலகை, தடித்த போர்வைகள், மூன்று பேருடைய கைகள். ஒரு காலத்தில் இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றி இறக்கியதால் கட்டடம் முழுக்க அப்பாவுக்கு 'பீரோ' என்றுதான் பெயர். நெஞ்சு பலவீனமான பிறகு எடை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழாம் மாடிக்காரனிடம் படி ஏறாதே என்பது மீனிடம் நனையாதே என்பது போலத்தான்.

எடை தூக்குவதை அப்பா விட்டார். படியை மட்டும் விடவில்லை. எல்லாம் புதுத் தலைவருக்காக.

அந்தக் கட்டடம் அரசாங்க வீட்டுவசதித் துறையுடையது. துறையின் பழைய தலைவர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். கட்ட முடியாதவர்கள் காரில் படுத்தார்கள், படிக்கட்டில் படுத்தார்கள்; அவர்கள் காலிசெய்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்போதெல்லாம் குடியிருப்பவர்களுக்காகப் பேச வந்துகொண்டிருந்த ஒருவரைத்தான் அடுத்த தலைவராக்க வேண்டும் என்று அப்பா கிளம்பினார். ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவைத் தட்டிக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார்.

"நம்ம ஆளுடி அவரு. மொதல் கையெழுத்தே நம்ம லிஃப்டுக்குத்தான்னு என் கையப் பிடிச்சுச் சொல்லிருக்காரு."

"சொல்லுக்கு என்ன வாடகையாப்பா குடுக்கணும்?" என்றாள் மூத்தவள்.

அப்பா சிரித்தார். நினைத்தபடியே அந்த ஆள் தலைவரானார். வரவேற்புக் கூட்டம் முடிந்து அப்பா படியேறி வந்து, "நம்ம ஆளு ஒக்காந்துட்டாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். மூத்தவளுக்கு அந்த மாரடைப்பின் முகம் தெரியும். எல்லாச் சுவரொட்டியிலும் சிரித்துக்கொண்டிருந்தது.

போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். தலைவரின் உதவியாளன்.

"சார் கீழ வந்திருக்காரு. பத்திரிகைக்காரங்களும் இருக்காங்க. பெரியவரக் கீழ கொண்டுவந்தீங்கன்னா, சார் மரியாதை பண்ணிட்டு ரெண்டு வார்த்தை பேசுவாரு."

"எங்கப்பா ஏறி எறங்கி உங்க சாருக்கு ஆள் சேத்தாரு. உங்க சார் ஒரு தடவ ஏறட்டும்."

"சாருக்கு டைம் இல்லங்க…"

"எங்கப்பாவுக்கு இனிமே நெறைய இருக்கு. அவரு காத்திருப்பாரு."

அம்மா அவள் தோளைத் தொட்டாள். "அப்பா உசிரா நெனச்ச மனுஷன்டி. வந்த எடத்துல அவமானப்படுத்தாத."

"அதனாலதாம்மா ஏறச் சொல்றேன்."

தலைவர் ஏற மாட்டார், திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். ஏறிவந்துவிட்டார். பருத்த மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அவர் இல்லேன்னா நான் இந்த நாற்காலில இல்லம்மா."

கண் கலங்கியிருந்தது. நடிப்பாக இருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிஜம் போலத் தெரிந்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"வந்து ஒரு வாரந்தாம்மா ஆகுது. டெண்டர் விடணும், நிதி வரணும்…" சொல்லிக்கொண்டே வந்தவர் பலகையைப் பார்த்து நிறுத்தினார். முகத்தைத் துடைத்தார். "நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

"கடைசிப் படிக்கட்டுல பிடிச்சாப் போதும் சார்," என்றான் உதவியாளன். "போட்டோவுக்கு அங்கதான் வெளிச்சம்."

கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் இருந்தே ஆக வேண்டும் சிலருக்கு. தம்பி அதைத்தான் முணுமுணுத்தான். மூத்தவள் முணுமுணுக்கவில்லை.

"பிடிக்கிறதுன்னா இங்கேர்ந்து பிடிங்க. கடைசில வந்து தூக்கிக் காட்ட எங்கப்பா ஒண்ணும் கோப்பை இல்ல. கீழ்ப்பிடி உங்களுது."

"அக்கா, அவருக்குப் பழக்கமில்ல," என்றான் தம்பி. "நான் பிடிக்கிறேன்."

"நீ முன்னால போயி வழிய வெலக்கு."

அந்தப் படிக்கட்டில் இரண்டு பேருக்குமேல் தூக்க இடமில்லை. மேல்பிடி பிடிப்பவர் படியைப் பார்த்து இறங்கலாம். கீழ்ப்பிடிக்காரர் பின்பக்கமாக இறங்க வேண்டும். முக்கால்வாசி எடை அவர்மேல் இருக்கும், கால் வைக்கும் இடம் தெரியாது. அதனால் மேலே இருப்பவர் ஒவ்வொரு படிக்கும் 'படி' என்று சொல்வார். சொல்லாவிட்டால் தரை வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் இதைத் தலைவருக்கு ஒருமுறை சொன்னாள். தலையாட்டினார்.

"உங்க வாயிலதாம்மா என் காலு இருக்கு," என்று சிரிக்கப் பார்த்தார்.

தூக்கினார்கள். அப்பாவின் தலை அவள் பக்கம், கால் அவர் பக்கம். படி என்றாள். இறங்கினார். படி. படி. படிக்கட்டு திரும்பும் நடைமேடை வந்தபோது வாயை மூடிக்கொண்டாள். அவர் தரையில் காலை ஊன்றித் திரும்பினார். சீக்கிரம் கற்றுக்கொண்டார். அதுவும் பிடிக்கவில்லை அவளுக்கு.

ஆறாம் மாடி தாண்டியதும் தன் முனையை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள். பார்ப்பவருக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவருக்கு, அந்த ஒரு சாண் கீழே இருப்பவரின் முதுகை ஒடிக்கும் என்று தெரியும். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"கொஞ்சம் கீழ வச்சுட்டுத் தூக்கலாமாம்மா?"

"படில வைக்கக் கூடாது சார். சறுக்கிரும்."

உண்மைதான். நடைமேடையில் வைக்கலாம் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

நான்காம் மாடி நடைமேடையில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். மிஷின், அடுப்பு, இரண்டு மூட்டை, சுவரோரம் சுருட்டிய பாய். தம்பி மிஷினைச் சுவரோடு தள்ளிக் கொடுத்தும் தலைவரின் இடுப்பு அதில் இடித்தது. திரும்பிப் பார்த்தார்.

"இவங்க இங்கயா இருக்காங்க?"

"ஆறாம் மாடில இருந்தாங்க. உங்க ஆபீஸ் காலிபண்ணச் சொல்லி எங்க வேனத்தான் கூப்பிட்டுச்சு. எறக்கினது எங்கப்பா. இதுக்குமேல எறக்க மாட்டேன்னு இங்க வச்சுட்டு வந்துட்டாரு."

"அப்ப நான் இல்லம்மா பொறுப்புல."

"அப்பா இருந்தாரு."

தையல்காரி பலகையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்களத்தான் நம்பியிருக்கோம் ஐயா. பீரோ அண்ணன் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் கிடப்பவள்கூட இவரைக் கும்பிடுகிறாள். நம்பி நம்பியே செத்தார் ஒருவர். இந்த ஆள் ஒரு தடவையாவது விழ வேண்டும். ஊர் பார்க்க விழ வேண்டும்.

நினைத்ததும் அது எவ்வளவு சுலபம் என்று புரிந்தது.

கடைசிப் படிக்கட்டுக்கு வந்தபோது கீழே கூட்டம் தெரிந்தது. கேமராக்கள் அவர் முதுகைப் பார்த்துத் தூக்கிய நிலையில் இருந்தன. படி என்றாள். படி. படி. அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலில் இறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு படி பாக்கி. மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தரை என்று நம்பிக் காலைப் பின்னால் எடுத்துவைத்தார். கால் வெறும் காற்றில் இறங்கியது. முழங்கால் சிமெண்டில் அடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பலகை அவள் கையிலிருந்து வெடுக்கென்று இழுபட்டது, விரல்கள் எரிந்தன, அப்பாவின் மொத்த உடம்பும் கீழே பாய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைவர் கையை விட்டால் விழப்போவது அவர் இல்லை.

அவர் விடவில்லை. பலகையின் விளிம்பு நெஞ்சில் குத்த, மண்டியிட்டபடியே இரண்டு கையாலும் அப்பாவின் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். போர்வைகூட விலகவில்லை.

கேமராக்கள் பளிச்சிட்டன. உதவியாளன் ஓடிவந்தான். "என்னாச்சு சார்?"

அவர் நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தார். பார்வையிலேயே தெரிந்தது, அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்தட்டும் என்று காத்திருந்தாள். கத்தினால் பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

"கால் வழுக்கிருச்சுப்பா. என் தப்புதான்."

அந்தப் பெருந்தன்மைக்காக அவரை இன்னொரு தடவை தள்ள வேண்டும் போலிருந்தது.

பின்னாலேயே இறங்கி வந்த அம்மா அவளருகில் நின்றாள். முப்பது வருஷம் சாமான் தூக்குகிறவரோடு குடித்தனம் செய்தவள்.

"நீ படி சொல்லலையே," என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் கலையாத போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ரெண்டு வார்த்தை சார்," என்று யாரோ மைக்கை நீட்டினார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். தம்பி கீழ்ப்பிடியை வாங்க வந்தான், கொடுக்கவில்லை. கிழிந்த முழங்காலோடு எழுந்து பலகையின் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். முன்கூடத்தைக் கடந்தார்கள். தெருவுக்கு இறங்கும் வாசலில் மறுபடி சில படிகள். வேன் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

"படி," என்றாள் மூத்தவள். தேவைக்குமேல் உரக்கச் சொன்னாள்.

அவர் அசையவில்லை. ஒரு காலை மெல்லப் பின்னால் நீட்டி, செருப்பின் நுனியால் விளிம்பைத் துழாவினார். அகப்பட்டது. அதற்கப்புறம்தான் காலை இறக்கினார்.

"படி."

மறுபடியும் துழாவினார்.