முறக்காதுக்கு ஒரு குஷன்

குடிநீர் அலுவலகத்தில் முறத்தார் எங்கே என்று கேட்டால் காவலாளிகூட எழுந்து நின்று வழி காட்டுவார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று முறத்தாருக்கும் இருந்தது. ஆனால் அது சம்பளம் போடுகிற அன்று மட்டும் வெளியே வந்து தலை காட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் முறம்தான். காது அப்படி. ஒருமுறை மழைக்கு அவருடைய இடது காதின் கீழே ஓர் ஆள் ஒதுங்கி நின்றதாக ஒரு கதை உலவுகிறது. அது சுத்தப் பொய். ஒதுங்கியவர்கள் இரண்டு பேர், பெய்ததும் வெறும் தூறல்தான்.

அந்தக் காதுதான் அவருக்குப் பிழைப்பு. தரைக்கடியில் போகிற குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. கனமான வட்டத் தகரம் போல இருக்கும் மைக்கைத் தெருவில் வைப்பார். அதிலிருந்து ஒயர் ஏறி, காதை மூடும் பெரிய ஹெட்போனுக்கு வரும். ஒழுகுகிற இடம் நெருங்க நெருங்க ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வளரும். எங்கே அது உச்சத்துக்குப் போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பிறகு குழி தோண்டுகிறவர் வருவார். அவருக்குக் கடப்பாரை என்று பெயர். தோண்டுவார், தண்ணீர் பீறிடும், முறத்தார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பெருமையை நேராகப் பார்த்தால் கண் கூசும் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் இரும்புக் குழாய் இருந்த வரைக்கும். இரும்பு வாயாடி, ஒழுகினால் ஊரைக் கூட்டும். மேட்டுத் தெருவில் புதிதாகப் போட்டது பிளாஸ்டிக் குழாய். அது அமுக்குணி. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகும், அவ்வளவுதான். அதைப் பிடிக்க நெடுநேரம் பொறுமையாகக் கேட்க வேண்டும். கேட்கலாம் என்றால் ஹெட்போன் விடவில்லை. அலுவலகம் கொடுத்த ஹெட்போனின் குஷன் அப்பளம் போலத் தேய்ந்திருந்தது. நடுத்துளையோ மனுஷக் காதுக்கு வெட்டியது. முறத்தாரின் காது அதற்குள், சட்டைப் பையில் திணித்த துண்டு மாதிரி மடிந்து கிடக்கும். கூடவே மூக்குக் கண்ணாடியின் கம்பி பொட்டில் ஏறி அமுக்கும். கொஞ்ச நேரத்தில் வலியில் உயிர் போய்க் கழற்றிவிடுவார். மறுபடி மாட்டும்போது, பிடித்து வைத்திருந்த முனகல் எங்கேயோ போயிருக்கும். மேட்டுத் தெருவின் மேல்பாதி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

இன்ஜினியர் அம்மா நல்லவர். திட்டத் தெரியாது. அதுதான் பயமே.

“முறத்தாரே, உங்களுக்கும் வயசாகுது. மாடியில மீட்டர் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஃபேனுக்கு நேர் கீழ.”

“எனக்கு நின்னு பழக்கம் மேடம்.”

“இந்த வாரம் மேட்டுத் தெருவை முடிங்க. முடியலைன்னா நாற்காலிதான். மைக்கை அடுத்தவங்ககிட்ட கொடுத்துடலாம்.”

வீட்டுக்கு வந்தவர் வாயே திறக்கவில்லை. காதைத் திறந்தார். இரண்டும் வெற்றிலை பாக்கு போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தன. தேய்ந்த குஷனின் கறுப்புத் தோல் துணுக்கு துணுக்காக ஒட்டியிருந்தது. மனைவி ஈரத்துணியால் துடைத்தபடி ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேட்டுத் தெரு அடிவாரத்தில் கார் சீட் தைக்கிற பட்டறை அவளுடையது. அவள் தைத்த தையலில் வாளித் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது என்று டிரைவர்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

“இதையா இத்தனை நாளா மாட்டிட்டுத் திரிஞ்சீங்க? இது குஷனா? ஒரு ஆட்டோக்காரன் இதுல உக்காருவானா?”

“காதுதானே உக்காருது.”

“அதுக்கும் முதுகு இருக்குங்க.”

பழுப்புத் தாளை வைத்து அவர் காதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். தாள் பற்றவில்லை. செய்தித்தாளை விரித்தாள்.

முதலில் வெல்வெட் துணியில் தைத்தாள். அடுத்த நாள் காலை அதை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றவர், நின்ற வாக்கிலேயே தூங்கிப்போனார். அவ்வளவு சுகம். வண்டிக்காரர்கள் யாரோ புதிதாகச் சிலை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாகச் சுற்றிப் போனார்கள். ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூச்சு விடுகிறதே என்று சந்தேகப்பட்டுப் பறந்துவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை. முனகல்தான் கேட்கவில்லை.

“துணியில காத்து புகுந்து போகுது. அதோட சேர்ந்து அடிச்சத்தமும் போகுது,” என்றாள் மனைவி. தப்பை ஒத்துக்கொள்கிற குரல் இல்லை அது. துணியைக் குற்றம் சாட்டுகிற குரல்.

இரண்டாவது குஷனை நல்ல தோலில் தைத்தாள். உள்ளே கட்டைவிரல் ஆழத்துக்கு மெத்தென்ற ஃபோம். நடுத்துளையை முறத்தாரின் காது கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெட்டினாள். கண்ணாடிக் கம்பி போகிற இடத்தில் ஃபோமில் ஒரு வாய்க்கால் கீறி, அங்கே மட்டும் மிருதுவான தோல் வைத்தாள். தலைவளையம் இறுக்கிப் பிடிக்கிறது என்று தையல் மிஷின் பெட்டியின் மேல் ஹெட்போனை மாட்டி இரவு முழுக்க அகட்டி வைத்தாள். காலையில் பெட்டிதான் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது என்று கேள்வி.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் தம்பியால் முடியவில்லை. மேடைக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன். அவன் சோதித்துப் பார்த்த ஸ்பீக்கரால் அடுத்த தெருவில் சுவரோடு மாட்டியிருந்த கடிகாரம் ஒன்று பயந்து பின்னோக்கி ஓடியிருக்கிறது.

“மாமா, அக்கா தச்ச குஷன் இருக்கட்டும். உங்க மைக்குக்கு மூச்சு பத்தல. இவ்வளவு பெரிய ஹெட்போனை அது தள்ள முடியாம தள்ளுது. நான் ஒரு ஆம்ப் போட்டுத் தர்றேன்.”

“சின்னதா போடு மாப்ள.”

“சின்னதா போட எனக்குத் தெரியாது மாமா.”

ஒரு தகர டப்பாவில் ஆம்ப்ளிஃபயர் வந்தது. பேட்டரி, ஒரு குமிழ், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டு முறத்தார் வாசலில் மைக்கை வைத்தார். எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் எதையோ மறந்துவிட்டு, யோசித்து, திரும்பி நடந்தது. யோசித்ததும் கேட்டது.

வீட்டில் அன்று மூன்று பேருக்கும் தலை கூரையில் இடித்தது. குஷனால்தான் என்று அக்கா சொன்னாள். ஆம்பினால்தான் என்று தம்பி சொன்னான். முறத்தார் காது மடலை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

விடிந்ததும் மேட்டுத் தெரு. அடிவாரத்தில் கேட்டார், ‘ஸ்ஸ்’ இருந்தது. ஏற ஏற வளர்ந்தது. உச்சிக்குப் போனபோது குழாயே காதுக்குள் வந்துவிட்ட மாதிரி இரைந்தது. பெருக்கல் குறியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். கடப்பாரை தோண்டினார். இன்ஜினியர் அம்மா குடை பிடித்து நின்றார். இடுப்பளவு குழியில் கடப்பாரை நிமிர்ந்தபோது அவர் செருப்பில்கூட ஈரம் இல்லை. குழாய் பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் படுத்திருந்தது.

“தண்ணி இல்ல முறத்தாரே. தோண்டினது வீணா போகவேணாம், ஒரு மரம் வச்சிட்டுப் போவோமா?” என்றார் கடப்பாரை.

தெருவே சிரித்தது. இன்ஜினியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஒரு நாள் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். முறத்தாருக்கு மாடி ஃபேனின் காற்று இப்போதே பிடரியில் அடித்தது.

வீட்டில் பஞ்சாயத்து.

“உன் டப்பாதான் சீறுது.”

“டப்பாவா? உன் குஷன் எதையாச்சும் பிடிச்சு வச்சிருக்கும்.”

“என் குஷன் எதையும் வெளிய விடாது. அதுதான் அதோட பெருமை.”

தம்பி வீம்புக்கு ஹெட்போனை மாமா காதில் மாட்டிவிட்டு ஒயரைப் பிடுங்கினான். “இப்ப என்ன மாமா?”

“இரையுது.”

பேட்டரியையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “இப்ப?”

“அதே இரைச்சல்.”

டப்பா செத்துக் கிடந்தது, சத்தம் உயிரோடு இருந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி அவர் எதிரே முழங்காலிட்டு, மூக்கை உற்றுப் பார்த்தாள். பிறகு நெஞ்சைப் பார்த்தாள்.

“கொஞ்சம் மூச்சை அடக்குங்க.”

அடக்கினார். இரைச்சல் நின்றது. விட்டார். வந்தது.

“குழாய் ஒழுகல,” என்றாள் மனைவி. “நீங்கதான் ஒழுகுறீங்க.”

விஷயம் அதுதான். தையல் அத்தனை கச்சிதம். காற்று போக இண்டு இடுக்கு இல்லாமல் காதை மூடியதும், அவருடைய மூச்சே உள்ளே சுழன்று சுழன்று குழாய்ச் சத்தமாக வேஷம் கட்டியிருந்தது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும், ஆகவே இரைச்சலும் ஏறும். உச்சியில் போய் நின்று, தன் நெஞ்சைத்தான் தோண்டச் சொல்லியிருக்கிறார் முறத்தார்.

“குஷன்ல ஒரு துளை போட்டா சரியாயிடும்,” என்றான் தம்பி. “டிரில் இருக்கு.”

அக்கா பார்த்த பார்வையில் டிரில் தானாகவே பெட்டிக்குள் போனது.

அவள் குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையலை விரலால் நீவினாள். ஒரு சொட்டு புகாத தையல். ஊரில் யாரும் குறை சொல்லாத கை.

“நானே ஓட்டை போடணுமாங்க?”

“வேண்டாம்னா விடு. நாற்காலியும் மோசமில்ல. ஃபேன் இருக்கு.”

“பேசாதீங்க.”

பெட்டியிலேயே மெல்லிய ஊசியை எடுத்தாள். உள்பக்கத் தோலில், தையலைத் தொடாமல், ஒரே ஒரு குத்து. மறு குஷனிலும் அப்படியே. ஆணி அளவு போட்டால் அடிச்சத்தம் ஓடிப்போகும், முடி அளவு போட்டால் மூச்சு மாட்டிக்கொள்ளும். இடையில் ஓர் அளவு இருக்கிறது. அது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. குத்தி முடித்ததும் தம்பியைப் பார்த்தாள்.

“நான் ஓட்டை போட்டுட்டேன். நீ குமிழைக் குறை. அவருக்கு எறும்போட யோசனை எல்லாம் வேணாம்.”

“முழுசா வச்சாத்தானேக்கா ஆம்ப்...”

“குறை.”

குறைத்தான். பாதிக்குக் கீழே வந்ததும் குமிழை அங்கேயே பசை போட்டு ஒட்டிவிட்டான். கை சும்மா இருக்காது என்று அவனுக்கே தெரியும்.

கடைசி நாள் காலை. முறத்தார் மாட்டிக்கொண்டார். தன் மூச்சு போன இடம் தெரியவில்லை. காது வலிக்கவில்லை, கண்ணாடி குத்தவில்லை, கழற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. உச்சியில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. அடிவாரத்தில், மனைவியின் பட்டறைக்கு நேர் எதிரே, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். அமுக்குணி அகப்பட்டது. பெருக்கல் குறியை இந்த முறை சின்னதாகப் போட்டார்.

“உறுதியா?” என்றார் இன்ஜினியர் அம்மா.

“உறுதி மேடம்.”

கடப்பாரை கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார். “மரக்கன்று ஏதும் கொண்டுவந்திருக்கீங்களா?”

முழங்கால் ஆழம் வரைக்கும் காய்ந்த மண். இடுப்பை நெருங்கியும் காய்ந்த மண். வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்ஜினியர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க முயற்சி பண்ணினார். கடப்பாரை களைத்துப்போய்க் கரையேறி உட்கார்ந்தார். முறத்தார் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், குழிக்குள் இறங்கி மைக்கை வைத்துக் காதை மூடிக்கொண்டார்.

முனகல் இருந்தது. நெருங்கியும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டது. பட்டறைச் சுவர் வழியாக, மண் வழியாக, மனைவியின் குரல்.

“மிஷினை ஏன் நிறுத்திட்டீங்க? என் வண்டிக்கு நேரமாகுது,” என்றது யாரோ ஒரு டிரைவரின் குரல்.

“எதிர்ல என் வீட்டுக்காரர் குழாய் கேக்குறார். முடிஞ்சதும் தச்சுத் தர்றேன்.”

“நேத்து ஏமாந்தாரே, அவரா?”

“ஆமா, அவர்தான். நேத்து ஏமாந்தது என் குஷன். குஷன் நான் தச்சது, டப்பா என் தம்பி பண்ணினது. அது ரெண்டும் யார் வேணும்னாலும் பண்ணிடலாம். அந்தக் காது இருக்கே, அது வேற யாருக்கும் வராதுங்க. இன்னிக்குத் தண்ணி வரும் பாருங்க. ஆனா இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தலை வீங்கிடும். நான் மறுபடி அளவெடுக்கணும்.”

முறத்தார் ஹெட்போனைக் கழற்றினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இன்னும் ஒரு சாண் போங்க,” என்றார்.

கடப்பாரை பெருமூச்சு விட்டு இறங்கினார். ஓங்கிக் குத்தினார். இரண்டாவது குத்தில் மண் இருண்டது. மூன்றாவதில் குழி அவரையே தூக்கி வெளியே உட்காரவைத்தது. தண்ணீர் பட்டறையின் பெயர்ப்பலகை உயரத்துக்குப் பீறிட்டு, அதன் உச்சியில் ஒரு செருப்பு சற்று நேரம் நின்று ஆடியது. அது கடப்பாரையின் செருப்பு. மேல்பாதி வீட்டுக்காரர்கள் அன்றே அவருக்குப் புதுச்செருப்பு எடுத்துக் கொடுத்தார்கள்.

இன்ஜினியர் அம்மா குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார். “இந்த ஹெட்போனை யார் சரி பண்ணினது? மத்த குழுவுக்கும் இப்படியே வேணும்.”

“குஷன் என் மனைவி. ஆம்ப் என் மச்சான்,” என்றார் முறத்தார்.

“நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடட்டுமா?”

“கொடுத்துடுங்க மேடம். ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்காது.”

பட்டறை வாசலில் மனைவி நனைந்துபோய் நின்றிருந்தாள். “தண்ணி வந்துச்சா?” என்று, ஏதோ வீட்டுக் குழாயை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

“வந்துச்சு. குஷன் நல்லா இருக்கு.”

“அது தெரியும்.”

அவர் கேட்டதைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி ஹெட்போனை மாட்டும்போது, அந்தத் தலைவளையம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.